மூன்று நாள் மைக் செட்டும் எல்.ஆர்.ஈஸ்வரி குரலும்

மூன்று நாளுக்கு 11,500 ரூபாய். இரண்டு பெட்டி ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு மைக், கோயில் வாசலிலிருந்து தெருமுனை வரை சீரியல் லைட். ஜெனரேட்டர் வேண்டுமென்றால் தனிக் காசு. ஆரணியில் எங்கள் தெரு மாரியம்மனுக்குப் போன ஆடியில் கூழ் ஊற்றியபோது எடுத்த வாடகை செட் இது. கடைப் பெயரை எழுதப்போவதில்லை. நல்லதோடு குறையும் சொல்லப்போகிறேன், அடுத்த வருஷமும் அந்த மனிதர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

மைக் செட் பொறுப்பு என் தலையில் வந்ததற்குக் காரணம் அதற்கு முந்தின வருஷம் நான் போட்ட சண்டை. அந்தத் தடவை வேறு யாரோ வந்தார்கள். ஆள் உயரப் பெட்டிகள், சுற்றிலும் நீல விளக்கு. அம்மன் பாட்டுதான் போட்டார்கள், ஆனால் அடியில் யாரோ உலக்கை போடுகிற மாதிரி ஒரு சத்தத்தைச் சேர்த்துப் போட்டார்கள். வயிறு அதிர்ந்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் கத்தியது அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டதாகச் சொல்கிறார்கள். “இவ்வளவு பேசறீங்களே, வர்ற வருஷம் நீங்களே பாருங்க” என்று பந்தல், பூ, பம்பைக்காரர் எல்லாவற்றையும் ஆண்கள் பிரித்துக்கொண்டு மைக் செட்டை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு ஒரே நிபந்தனைதான். ஈஸ்வரி அம்மா பாடினது ஈஸ்வரி அம்மா பாடினதாகவே காதில் விழ வேண்டும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால் தறியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில் குழித்தறி. அம்மா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் பக்கத்தில் ராட்டையில், நாடாவுக்குள் வைக்கிற நூல் தாரைச் சுற்றுவேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, பட்டுச் சேலைக்கு அவசரப்படுத்துகிற ஆளும் கிடையாது, அதனால் அம்மா கொஞ்சம் நிதானமாக நெய்வாள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருக்கோடித் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கரகரவென்று தொண்டையைச் செருமும். முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பாடும் பிள்ளையார் பாட்டு. அது எந்த ஊர் மைக் செட்டுக்கும் எழுதாத சட்டம். அது முடிந்ததும் ஈஸ்வரி. பம்பையும் உடுக்கையும் முன்னால் ஓடிவரும், பின்னாலேயே அந்தக் குரல் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வரும். அம்மாவின் கால் தன்னையறியாமல் அந்தத் தாளத்துக்கு மிதியை அமுக்கும், கை அச்சை வேகமாக இழுத்து அடிக்கும். பாட்டு முடியும்போது பார்த்தால் அந்த இரண்டு விரற்கடை மட்டும் குறுக்கே ஓடும் ஊடை நூல் நெருக்கமாக விழுந்திருக்கும். சேலையை எடுக்க வருகிற முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இங்க இன்னாம்மா கை மாறியிருக்குது?” என்பார். “ஆடி மாசம்ண்ணா” என்பாள் அம்மா. அதற்குமேல் அவர் கேட்கமாட்டார். எங்கேயோ ஒரு கல்யாணப் பெண் உடம்பில் ஈஸ்வரி பாட்டு இரண்டு விரற்கடை அகலத்துக்கு இருந்திருக்கும்.

அந்தக் குரலை “இனிமையான குரல்” என்று சொன்னால் எனக்கு ஒப்பாது. இனிமைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இது கூழுக்குக் கடித்துக்கொள்கிற சின்ன வெங்காயம். கண்ணில் தண்ணீர் வரும், மூக்கில் ஏறும், ஆனால் அது இல்லாமல் கூழ் இறங்காது. தெருச்சண்டையில் ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூப்பிடுவாளே, அந்தத் தெம்பு அதில் இருக்கும். மாரியம்மனை ஈஸ்வரி அம்மா கூப்பிடுவது கெஞ்சல் இல்லை. “வர்றியா இல்லையா?” என்கிற உரிமை. எங்கள் தெருவில் பெண்கள் சாமியிடம் பேசுவதும் அப்படித்தான். அதனால்தான் எத்தனையோ பேர் அழகாக அம்மன் பாட்டு பாடியும் இந்த ஒரு குரல் வந்தால்தான் ஆடி பிறந்த மாதிரி இருக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன்.

விசாரித்ததில் நாலு பேர் ஒரே ஆளைச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்கூடம். பலகையில் “ஒலி ஒளி அமைப்பாளர்” என்று எழுதி, ஒளி பாதி அழிந்திருந்தது. உள்ளே மூலையில் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கியிருந்தன, பாத்திரக் கடையில் அண்டா அடுக்கின மாதிரி. மேலே விரலளவு தூசி. அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். வாடகை பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னதும், “அங்க நான் சின்னப் பையனா பாட்டுத் தட்டு மாத்த வந்துக்கினு இருந்தேன்மா” என்றார். நான் தார் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தெருவுக்கு வந்த மைக் செட்டுக்காரரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் இவர்தான்.

ஈஸ்வரி பாட்டு வேண்டும், குழாயில் வேண்டும் என்றேன். சிரித்தார். “குழாய் கட்டினா ஸ்டேஷன்ல கழட்டிடுவாங்க. பெட்டிதான்.” அது எனக்கும் தெரியும். அனுமதி வாங்கப் போனபோதே சொல்லியிருந்தார்கள், கூம்பு ஒலிபெருக்கி கூடாது, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை எதுவுமே கூடாது என்று. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று போட்டிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ திரும்பினாலே அது தாண்டும், அது வேறு விஷயம். ஆனால் விதியை நான் திட்டமாட்டேன். மாமியார் படுத்த படுக்கையாக இருந்த வருஷம், ஆடி மூன்று வாரமும் அவர் காதில் பஞ்சு வைத்துவிட்டு, அதற்கு மேல் துணி கட்டி, அப்படியும் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். குழாய்க்காக ஏங்குகிறவளும் நான்தான். இரண்டும் உண்மை.

நான் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்தாரோ என்னவோ, “கேக்கணுமா?” என்றார். அடுக்கிலிருந்து ஒரு சின்னக் குழாயை உருவினார். பின்னால் யூனிட்டை வைத்துத் திருகினார். பழைய ஆஹூஜா ஆம்ப்ளிஃபையர் ஒன்று சூடாகச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு பீரோவைத் திறந்து, பழைய தினத்தந்தியில் சுற்றி வைத்திருந்த 45 சுற்றுத் தட்டு ஒன்றை எடுத்தார். பூப்போல ஊசியை இறக்கினார். சத்தத்தை நன்றாகக் குறைத்துத்தான் வைத்தார், கடை வாசலைத் தாண்டியிருக்காது. ஆனால் அந்தச் சத்தம்! கரகரப்பு, நடுவில் பம்பை, அப்புறம் ஈஸ்வரி அம்மா.

அந்த நிமிஷம்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருஷம் போனிலும் டிவியிலும் கேட்டபோதெல்லாம் என்னவோ குறைகிறதே என்று நினைத்தேனே, குறைந்தது குழாய். அவரிடம் ஏன் என்று கேட்டேன். தொழில்காரர் விளக்கம் இது: குழாய்க்குப் பின்னால் இருக்கும் யூனிட்டில் ஒரு மெல்லிய தகடுதான் அதிர்கிறது. அந்தச் சின்ன அதிர்வை வாய் விரிந்த குழாய் வெளிக்காற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அடிச்சத்தம், தவிலின் கொப்பரை முழக்கம், இதெல்லாம் அதில் ஏறாது. நடுவிலும் மேலும் இருக்கிற சத்தம் மட்டும் கூர்மையாக வரும். மனிதக் குரலில் சொல் புரிகிற பாகம் அங்கேதான் இருக்கிறது. “மெல்லிசா பாடறவங்க குரலு குழாயில வந்தா தகர டப்பால தேன் குடிச்ச மாதிரி இருக்கும்மா. இந்தம்மாவுக்கு மட்டும் குழாய் போறாது. இன்னும் பெரிய குழாய் கேக்கும்.” வல்லின எழுத்தையெல்லாம் ஈஸ்வரி அம்மா கல்லில் துணி துவைக்கிற மாதிரி அடித்துப் பாடுவார். அது நாலு தெரு தள்ளியும் உடையாமல் வந்து சேரும்.

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். “ஆடி மாசம்னா அம்மன் பாட்டு. தை மாசம்னா ‘வாராய் என் தோழி’. எங்க வூட்டு அரிசியில பாதி ஈஸ்வரி அம்மா போட்டதும்மா.” யோசித்துப் பார்த்தால் சரிதான். 1961-இல் வந்த ‘பாசமலர்’ படத்துப் பாட்டு அது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் பெண்ணை மணவறைக்கு அழைத்தாலும் மைக் செட்டில் அதுதான். கல்யாணப் பெண்களுக்கே தோழியாகிவிட்ட குரல். கோரஸ் பாடுகிற அம்மாவோடு ஸ்டுடியோவுக்குப் போய்க் கோரஸில் நின்று பாட ஆரம்பித்தவர். 1958-இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி.மகாதேவன் தனியாகப் பாட வைத்தார். எம்.எஸ்.ராஜேஸ்வரி என்று ஏற்கெனவே ஒருவர் பாடிக்கொண்டிருந்ததால் ராஜேஸ்வரி என்ற பெயரை ஈஸ்வரி என்று சுருக்கிக்கொண்டார். முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. பிறப்பால் கத்தோலிக்கர்.

இதை நான் அம்மாவிடம் சில வருஷத்துக்கு முன்தான் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது 78 வயது, முழங்கால் போய்த் தறியை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. கேட்டுவிட்டு, அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏதோ மனசு கோணிவிட்டதோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “அப்போ வேளாங்கண்ணி மாதாவுக்கும் பாடியிருப்பாங்களா? அதையும் போனுல போடு” என்றாள்.

பெரியவர் தட்டை எடுக்கப் போகும்போதுதான் அது நடந்தது. பாட்டில் “அம்மா” என்று நீட்டிக் கூப்பிடும் ஓர் இடம். ஊசி ஒரு சுற்றுப் பின்னால் குதித்து மறுபடியும் “அம்மா” என்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது எங்கள் தெருத் தட்டு! சின்ன வயசில் நாங்கள் அந்தப் பாட்டைப் பாடினாலே அந்த இடத்தில் இரண்டு தடவை கூப்பிடுவோம். பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வெகு நாள் கழித்து கேசட்டில் கேட்டபோது ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போனதும், இது ஏதோ வெட்டின பாட்டு என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனவள் நான். “அந்தக் கீறலு நான் போட்டதுதாம்மா” என்றார் பெரியவர். கைதவறித் தட்டின் மேல் ஊசியை விட்டதற்கு முதலாளியிடம் அறை வாங்கினாராம். பெரும்பாலும் இரண்டாவது தடவையில் தானாகத் தாண்டிவிடும், தாண்டாவிட்டால் இவர் ஒரு விரலால் மெல்லத் தட்டிவிட வேண்டும். மூன்று நாளும் அதற்காகவே தட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பாராம்.

இந்த இடத்திலேயே வாடகையைப் பேரம் பேசும் புத்தி என்னிடமிருந்து போய்விட்டது. 11,500 சொன்னார், சரி என்றேன். வேறு கடையில் பத்தாயிரத்துக்கு முடித்திருக்கலாம் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

இனிமேல் குறைகள். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. நாலு மணிக்கு செட் இறங்கும் என்றவர்கள் ஆறேகாலுக்கு வந்தார்கள். வந்தது அவர் இல்லை, இருபது வயதுப் பையன் ஒருவன். பெட்டிகளைக் கோயில் வாசலில் தரையில் வைத்தான். பென் டிரைவைச் செருகினான். சீர்காழி வந்தார், எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அடுத்தது டம்டம் என்று அதே உலக்கை. “தம்பி, நிறுத்துப்பா” என்றேன். “ஆன்ட்டி, இதுவும் ஈஸ்வரி அம்மா பாட்டுதான்” என்றான். பாட்டு அவருடையதுதான், பாடியது வேறு யாரோ. நான் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஏழு தடவை போட்டேன். (போன் எடுக்காதது இந்தக் கடையின் நிரந்தரக் குறை. நேரில்தான் போக வேண்டும்.) ஏழரை மணிக்குப் பெரியவர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தார். பையனை ஒரு பார்வை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து வேறு ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது ஈஸ்வரி வந்தார். ஆனாலும் சரியாக வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. பெட்டி ஸ்பீக்கரின் சுபாவம் அது, கீழ்ச்சத்தத்தை ஊதிப் பெரிதாக்கும். பெரியவர் ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஆம்ப்ளிஃபையருக்கு முன் உட்கார்ந்து பேஸ் குமிழைச் சுத்தமாக இடது பக்கம் திருகினார். நடுக் குமிழை ஏற்றினார். ட்ரெபிளை ஏற்றி, அது கீச்சென்று கத்தினதும் ஒரு முடி அளவு இறக்கினார். “பெட்டி தரையில இருந்தா அம்மா வாய் தரையில இருக்குது. தலைக்கு மேல போவணும்” என்று இரண்டு பெட்டியையும் எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏற்றிக் கட்டச் சொன்னார், ஒன்று கிழக்கே பார்த்து, ஒன்று மேற்கே. எல்லாவற்றையும் செய்துவிட்டு மொத்தச் சத்தத்தைக் குறைத்தார். அதுதான் எனக்கு ஆச்சரியம். குறைத்த பிறகு குரல் முன்பைவிடத் தெளிவாகத் தெருமுனை வரை போனது. குழாய் மாதிரியே என்று பொய் சொல்லமாட்டேன். குழாயின் தங்கச்சி மாதிரி இருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கால் விரல் மிதியைத் தேடி ஆடியது, அதைப் பார்த்தேன்.

இந்த ஒரு வேலைக்காகத்தான் இவரைச் சொல்கிறேன். பெட்டியும் ஒயரும் எல்லாரிடமும் இருக்கிறது. பாடுகிறவரின் தொண்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்து அங்கே கைவைக்கிற ஆள் எங்கள் ஊரில் இவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சீரியல் லைட்டில் பாதி எரியவில்லை. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைப் படிக்கும்போதெல்லாம் மைக் ஊளையிட்டது. ஒவ்வொரு அறிவிப்பு முடிவிலும் அந்தப் பையன் தன் கடைக்கு ஒரு விளம்பரம் சேர்த்துக்கொண்டான், காசு கொடுத்தவர்கள் நாங்கள் என்பது மறந்துவிட்டது போல. இன்னொன்று, கரண்டைக் கேட்காமலே எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்தத் தடவை வந்த பில் கணக்கை நான் தெருக் கணக்கில் எழுதி வாங்கியதற்கு இன்னும் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூழ். முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, இரண்டு அண்டா. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, மாங்காய், ஒரு வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய்த் திரும்பின ஒரு வேன் கூட்டமும் இறங்கி வரிசையில் நின்றது. பத்தரை மணி இருக்கும், அந்தப் பாட்டு வந்தது. பென் டிரைவில் கீறல் கிடையாது. ஈஸ்வரி “அம்மா” என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஆனால் வரிசையில் சொம்போடு நின்ற மூன்று கிழவிகள், எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், இரண்டாவது “அம்மா”வையும் கூப்பிட்டார்கள். பாட்டு போய்விட்டது, இவர்கள் குரல் மட்டும் தனியாகத் தெருவில் நின்றது. ஒருத்தரையொருத்தர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் திரும்பிப் பெரியவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆம்ப்ளிஃபையர் மூடியை ஒரு விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பையன்கள் வந்து, “எங்களுக்கும் ஒரு பாட்டு போடுங்க, ஈஸ்வரி பாட்டிதான் பாடினது” என்று 2011-இல் வந்த ‘ஒஸ்தி’ படத்துப் பாட்டைக் கேட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய பிறகு பாடினது. கோயில் வாசலில் அது வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள், எனக்குப் போடலாம் என்றுதான் இருந்தது. மாரியம்மனுக்குப் பாடின தொண்டையும் ‘எலந்தப் பழம்’ விற்ற தொண்டையும் ஒன்றுதான், அதை இரண்டாகப் பிரித்து ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வைக்க என்னால் முடியாது. கடைசியில் சமாதானமாகப் பெரியவர் ‘வெள்ளி விழா’ படத்தில் காதோடு பாடுவதாக வருமே, வி.குமார் இசையில், அதைப் போட்டார். 1972. தெருவே அமைதியாகிவிட்டது. இடுப்பில் கைவைத்துச் சாமியைக் கூப்பிட்டவரா இப்படித் தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பாடுவது போலப் பாடுகிறார் என்றிருந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. குழாயில் போட்டிருந்தால் அது கேட்டிருக்காது. பெட்டிக்கும் ஒரு பாட்டு உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன்.

இரவு கும்பம் கொட்ட, அதாவது அம்மனுக்குச் சோறு குவித்துப் படைக்க, நேரமாகிவிட்டது. பம்பைக்காரர்கள் வர்ணிப்பை நீட்டிக்கொண்டே போனார்கள், மைக்கில்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். சரியாகப் பத்து மணிக்குப் பெரியவர் யாரையும் கேட்காமல் சுவிட்சை அணைத்தார். கமிட்டி ஆட்கள் இன்னும் பத்து நிமிஷம் என்று கையைப் பிடித்தார்கள். “எதிர் வூட்டுல பச்சக் கொழந்த இருக்குது” என்றார், அவ்வளவுதான். மீதி வர்ணிப்பை வெறும் தொண்டையில் பாடினார்கள், அருள் அதில் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆக, யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: நேரத்துக்கு வர மாட்டார்கள், லைட்டை நம்ப வேண்டாம், கரண்டுக்கு முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், பையனை மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிட்டுப் பெரியவர் வந்தால்தான் முன்பணம் என்று சொல்லுங்கள். டிஜே ஆட்டம் வேண்டும் என்கிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், அவரிடம் அந்த அடி கிடையாது.

செட்டைக் கழற்றின மறுவாரம் பாக்கியைக் கொடுக்கப் போனேன். ரசீது கேட்டேன். “என்னிக்கும்மா நாங்க ரசீது போட்டோம்” என்றார். அடுத்த ஆடிக்கு இப்போதே ஆயிரம் ரூபாய் கொடுத்துவைத்தேன். எழுதி வைக்க அடுத்த வருஷக் காலண்டர் இன்னும் வரவில்லை. குழாய் அடுக்குக்கு மேலே சுவரில் கொஞ்சம் தூசியைக் கையால் துடைத்துவிட்டு பென்சிலால் எழுதினார்: “ஈஸ்வரி அம்மா, 3 நாள்.” என் பெயர் ஈஸ்வரி இல்லை. திருத்தச் சொல்லாமல் வந்துவிட்டேன்.